“மறந்துட்டேன்” என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது? மதுரை மருத்துவர்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சர்க்கரை, பிரஷர், தைராய்டு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேர்கிறது. உங்களிடம் சொல்லக் கூச்சப்படும் பல விஷயங்களை ஜனங்கள் எங்களிடம் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது இது: “மாத்திரை ஒழுங்கா போடலைன்னு டாக்டரம்மாட்ட சொல்லிராதீங்கண்ணே, வைவாக.”

நாங்கள் சொல்வதில்லை. ஆனால் தேதி காட்டிக்கொடுத்துவிடும். தினம் ஒன்று என்று 30 மாத்திரை வாங்கிப் போனவர் 45ஆம் நாள் வந்து நிற்கிறார் என்றால், நடுவில் 15 மாத்திரை வாய்க்குப் போகவில்லை என்று அர்த்தம். வேறு கடையில் வாங்கியிருப்பாரே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்குக் கவலை தருவது அவர் கையில் இருக்கும் புதுச் சீட்டு. அதில் மாத்திரையின் அளவு கூட்டி எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கவில்லை, “ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டீர்கள், “போடுறேன் சார்” என்றார். அப்புறம் அளவைக் கூட்டாமல் என்ன செய்வது? ஆனால் வெளியூரிலிருந்து மகள் வந்து பத்து நாள் தங்கி, வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் வினையே அங்கேதான். அதுவரை பாதி மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்புக்குத் திடீரென்று முழு அளவும், அதுவும் கூட்டிய அளவும் போகிறது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையாக இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். “டோஸ் தாங்கலை” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நோயாளி சொன்ன ஒரு சின்னப் பொய், அவரையும் உங்களையும் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அந்தப் பொய் வருவது திட்டுக்குப் பயந்து. திட்டு வருவது, மறப்பது அசட்டையால்தான் என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏன் மறந்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டால் ஜனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நினைப்பு வேற எங்கயோ இருந்துச்சு.” இதை சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுகிறோம். உளவியல் படிக்கும் என் தங்கை மகள் அனுப்பிய கட்டுரைகளைப் படித்த பிறகுதான், அது அப்பட்டமான உண்மை என்று எனக்குப் புரிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் போன் வழியாக “இப்போது என்ன செய்கிறீர்கள், நினைப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்கள். 2010இல் முடிவு வந்தது. கிட்டத்தட்ட 47 சதவீதத் தருணங்களில், கை ஒன்றைச் செய்துகொண்டிருக்க மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. ஆக, மனம் அலைபாய்வது நோயும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. மனித மூளை விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியை இப்படித்தான் கழிக்கிறது. உங்களுடையதும் என்னுடையதும் உட்பட.

மாத்திரை போடுவதற்குத் தேவையான நினைவு ஒரு தனி ரகம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால், கேட்டவரே நம்மைத் தூண்டிவிடுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அது தானாக மனதில் எழ வேண்டும். இதை ப்ராஸ்பெக்டிவ் மெமரி என்கிறார்கள். ஐன்ஸ்டைன் (விஞ்ஞானி ஐன்ஸ்டைன் இல்லை, இவர் வேறு), மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் 1990இல் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, மணியை நம்பிய நினைவு. மற்றது, ஒரு நிகழ்ச்சியை நம்பிய நினைவு. மேலூர் பஸ்ஸில் அசந்து தூங்குகிறவர்கூட “ஒத்தக்கடை இறங்கு” என்று கண்டக்டர் கத்தினால் எழுந்து இறங்கிவிடுவார். அவரையே மணி பார்த்து இறங்கச் சொன்னால் மேலூர் வரை போய்விடுவார்.

நம் சீட்டுகளில் என்ன இருக்கிறது? 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. முழுக்க மணிக்கணக்கு. கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் நோயாளியை ஏற்றிவிட்டு, இறங்காமல் போனதற்கு வைகிறோம்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு பூக்கார அம்மாவைச் சொல்கிறேன். விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, கட்டி, கோயில் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து விற்பவர். பிரஷருக்கு அம்லோடிபின், காலையில் ஒன்று. அவருடைய காலை எப்போது என்பதுதான் சிக்கல். எழும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். மார்க்கெட்டில் ஒரு டீ. இட்லி வாய்க்குப் போகப் பதினொரு மணி ஆகும். முகூர்த்த நாளாக இருந்தால் மல்லி விலை எங்கே நிற்கும், கையில் இருக்கும் காசுக்கு எத்தனை கிலோ எடுப்பது, நேற்று கடன் சொன்னவள் இன்றைக்குத் தருவாளா என்றுதான் மனசு முழுக்க ஓடும். மாத்திரை அட்டை எங்கே இருக்கும் தெரியுமா? சுருக்குப்பையில், சில்லறைக்கும் வெற்றிலைக்கும் நடுவில். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கை அதைத் தொடுகிறது. தொட்டாலும் மாத்திரை ஞாபகம் வருவதில்லை. கை சில்லறையைத் தேடுகிறது, மனம் மல்லி விலையில் இருக்கிறது. அட்டை விரலில் படுவது மூளைக்குள் போவதே இல்லை.

மனம் அலையும்போது நடப்பது இதுதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கண் பார்க்கும், காது கேட்கும், ஆனால் வெளியிலிருந்து வரும் சேதியை மனம் அரைகுறையாகத்தான் வாங்கும். டிவிக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவை வைத்தால் ஞாபகம் வந்துவிடும் என்று நாம் சொல்லும் யோசனை பாதிக்கு மேல் பலிக்காததற்குக் காரணம் இது. முதல் வாரம் டப்பா கண்ணில் படும். அப்புறம் அது சுவரோடு சுவராகிவிடும்.

இன்னொருவர் செல்லூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சாப்பிட்ட பிறகு. பழகிய வேலையில் கை தன்பாட்டுக்கு ஓடும், மனசுக்குச் சோலி இல்லை, அது கிளம்பிவிடும். அப்படி அலையும்போதுதான் அவருக்கு மாத்திரை ஞாபகம் வருகிறது! இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பெயர்ட், ஸ்மால்வுட், ஸ்கூலர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அலையும் மனம் பெரும்பாலும் பழசை அசைபோடுவதைவிட வரப்போகிற காரியங்களைத்தான் சுற்றுகிறது. மகள் கல்யாணம், தவணை, நாளை முடிக்க வேண்டிய வேலை. அந்த வரிசையில் மாத்திரையும் ஒரு நொடி தலைகாட்டுகிறது. என்ன செய்ய, அந்த நொடியில் அவர் தறிக்கு முன்னால் இருக்கிறார், மாத்திரை வீட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். வீட்டுக்குப் போனால் பேரன் ஓடி வருகிறான், அவ்வளவுதான்.

ஆகவே மனம் அலைவதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மறக்கடிப்பதும் அதுதான், ஞாபகப்படுத்துவதும் அதுதான். ஞாபகம் வருகிற இடத்தில் மாத்திரை இல்லை, மாத்திரை இருக்கிற இடத்தில் ஞாபகம் வரவில்லை. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்க முடியுமா என்றுதான் நாம் யோசிக்க வேண்டும். “கவனமா இருங்க” என்று சொல்வதால் அது நடக்காது.

போனில் அலாரம் வைக்கச் சொல்வோமே என்பீர்கள். வைக்கிறார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியில் நிற்கும்போது அடிக்கிறது. அமுக்கிவிடுகிறார்கள். பச்சை விழுந்ததும் மாத்திரை போய்விட்டது. ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் டிஸ்மியூக்ஸோடு சேர்ந்து 2003இல் செய்த சோதனைகளை இங்கே சொல்ல வேண்டும். ஒரு காரியத்தை உடனே செய்யாமல் 5 வினாடியிலிருந்து 40 வினாடி வரை மட்டும் தள்ளிப்போட வைத்தார்கள். வேறு வேலையும் கூடச் சேர்ந்துகொண்டால் அந்தச் சில நொடிகளிலேயே பலருக்கு எண்ணம் நழுவிப்போனது. அதுவும் படித்த இளவட்டங்களுக்கு. அலாரம் மணியைத்தான் ஞாபகப்படுத்துகிறது, கையில் மாத்திரையைக் கொண்டுவந்து வைப்பதில்லை. வைக்கச் சொல்வதானால், “மாத்திரை வாயில் போன பிறகுதான் அலாரத்தை அணைக்கணும், அதுவரை திரும்பத் திரும்ப அடிக்கட்டும்” என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செவிலியர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. வார்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் “சிஸ்டர், இந்த டிரிப் பாருங்க” என்று ஒருவர் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து, 2010இல் வெஸ்ட்புரூக் குழுவினர் எழுதியிருக்கிறார்கள்: குறுக்கீடு கூடக் கூட மருந்து கொடுப்பதில் தவறும் கூடியிருக்கிறது. இதையே தொழிலாகச் செய்யும், பயிற்சி பெற்ற கைகளுக்கே இந்தக் கதி என்றால், அடுப்படியில் மூன்று பேருக்கு டிபன் கட்டிக்கொண்டே தைராய்டு மாத்திரையை நினைவில் வைத்திருக்க வேண்டிய பெண்ணை எந்த நியாயத்தில் வைவது?

அந்தப் பெண்ணைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மறதி என்றாலே நாம் வயதானவர்களைத்தான் நினைக்கிறோம். சீட்டை நீட்டும்போதே “பெரியவருக்கு ஞாபகம் இருக்காது, நீங்க பாத்துக்கோங்க” என்று மகனிடம் சொல்கிறோம். மகனுக்கும் பிரஷர் இருக்கும், அவரை யாரும் கேட்பதில்லை. டெனிஸ் பார்க் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 34 வயதிலிருந்து 84 வயது வரையுள்ள 121 முடக்குவாத நோயாளிகளின் மாத்திரைப் பழக்கத்தை, டப்பாவைத் திறக்கும் நேரத்தைப் பதிவுசெய்யும் மூடி வைத்துக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டார்கள். குறைவாகத் தவறியவர்கள் பெரியவர்கள். அதிகம் தவறியவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள், அதிலும் ஓட்டமும் பரபரப்புமாக வாழ்பவர்கள். என் கடையிலும் கதை இதேதான். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் தேதி பிசகாமல் வருவார்கள். தள்ளித் தள்ளி வருபவர்கள் கடை, பட்டறை, ஆபீஸ், பிள்ளை, பள்ளி என்று ஓடுகிற நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். நீங்கள் அதட்டிக் கேட்க வேண்டிய ஆள் யார் என்பதை மறுபடி யோசித்துப் பார்க்கலாம். அதட்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

பெரியவர்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. போட்டோமா இல்லையா என்ற சந்தேகம். தினமும் ஒரே மாதிரி செய்யும் காரியத்தில் நேற்றைய நினைவும் இன்றைய நினைவும் கலந்துபோகும். திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் செய்ததை மறந்து மறுபடி செய்வது பற்றி 1998இலேயே ஐன்ஸ்டைன் குழு எழுதியிருக்கிறது. கவனம் சிதறியிருக்கும்போது வயதானவர்களிடம் அது கூடுதல் என்றார்கள். விட்டுப்போன ஒரு வேளையைவிட, இரண்டு தடவை போட்ட சர்க்கரை மாத்திரை ஆபத்து. சந்தேகமாக இருந்தால் இன்னொன்றைப் போட்டுவிடாமல் கேளுங்கள் என்று நாங்கள் கவரைக் கொடுக்கும்போதே சொல்கிறோம். நீங்களும் சொன்னால் அதற்கு மரியாதை அதிகம்.

சரி, என்னதான் கேட்கிறேன்? ஒரே ஒரு கேள்வி. சீட்டை நீட்டும் முன், “இதை எப்ப போடுவீங்க?” என்று கேட்காமல், “எதைச் செய்யும்போது போடுவீங்க?” என்று கேளுங்கள். பதில் நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும். நாம் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய வழி இது. “இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது. அவரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, வெறுமனே செய்வேன் என்று உறுதி எடுப்பவர்களைவிட இப்படி முடிச்சுப் போடுகிறவர்கள் நன்றாகவே செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

அந்தப் பூக்கார அம்மாவிடம் நான் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, “மொதப் போணி ஆனதும் போட்டுக்கிறேன் தம்பி” என்றார். எனக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது. அம்லோடிபினுக்குச் சாப்பாடு கணக்கில்லை, எந்த வேளையானாலும் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் போட்டால் சரி. போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் போடும்போது கை போகிற இடத்திலேயே அட்டை இருக்கிறது. அந்த ஒரு நொடி எந்த வியாபாரிக்கும் மனம் அலையாது. அடைமழை நாளில் போணியே மத்தியானம்தான் ஆகும், அது வேறு விஷயம். தறிக்காரரின் மாத்திரை இப்போது டிபன் தூக்கின் மேல் தட்டில், மூடிக்கு அடியில் போகிறது. அதை எடுத்து வைக்காமல் சாப்பிட முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது தினசரி காலண்டர். நம் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. காலையில் தேதி கிழிக்கிறவரே மாத்திரைக்காரராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அட்டையைக் காலண்டர் ஆணியிலேயே ஒரு கவரில் தொங்கவிட்டு, மாத்திரையைப் போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மத்தியானம் “போட்டேனா?” என்று சந்தேகம் வந்தால் சுவரைப் பார்த்தால் போதும். பேரப்பிள்ளைகள் கிழித்துவிடும் வீட்டுக்கு இது ஆகாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காப்பிக்கு அரை மணியாவது முன்னால் போட வேண்டியது. அதற்கு வாசலில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும் நேரம் தோது. மாத்திரை டப்பாவைத் தாழ்ப்பாள் பக்கத்தில், ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டிலோடு வைத்துவிட்டால், பாலைக் காய்ச்சி இறக்கி டிகாஷன் போடுவதற்குள் நேரம் ஓடிவிடும்.

பழக்கம் ஒன்றோடு கட்டிவிட்டதால் ஒரு பலவீனமும் உண்டு. பழக்கம் கலைந்தால் மாத்திரையும் கலையும். சித்திரைத் திருவிழா நாட்களில் வீடு நிறையச் சொந்தபந்தம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று ராத்திரி பகலாகிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமை ஒருபொழுது, ரம்ஜான் நோன்பு, மாலை போட்ட காலம் என்று “சாப்பாட்டுக்குப் பின்” என்ற சொல்லுக்கே பொருள் மாறும் நாட்களும் இருக்கின்றன. இந்த நாட்களில் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று ஜனங்கள் உங்களிடம் கேட்பதில்லை. தாங்களாகவே ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறார்கள். சீசனுக்கு முன்னால் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எல்லா விடுபடலும் மறதி இல்லை, தெரியும். காசு இல்லாமல் பாதி அட்டை வாங்குகிறவர், வயிற்றைப் புரட்டுகிறது என்று மெட்ஃபார்மினை நிறுத்தியவர், “நார்மல் ஆயிருச்சு, எதுக்கு?” என்பவர், எல்லாரும் “மறந்துட்டேன்” என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். “எதைச் செய்யும்போது?” என்று கேட்டால் அவர்களும் வெளியே வந்துவிடுவார்கள். மறந்தவர் பதில் யோசிப்பார், மற்றவர் காரணத்தைச் சொல்லிவிடுவார். புதிதாக மறதி கூடியிருந்தால் அது வேறு நோயின் அறிகுறியா என்று பார்ப்பது உங்கள் வேலை, அதில் நான் தலையிடவில்லை.

புறநோயாளிப் பிரிவில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைப்பதே பெரிது என்பதையும் மறக்கவில்லை. வரிசை வாசல் வரை நிற்கும்போது உளவியல் பேசச் சொன்னால் கோபம்தான் வரும். அதனால்தான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். காசநோய்த் திட்டத்தில் 99டாட்ஸ் என்று ஒரு முறை வந்ததே, மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அட்டையின் உள்ளே மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும், அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போட்டதாகப் பதிவாகும். மறப்பது மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டு யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அந்த அளவு ஏற்பாடு உடனே வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தன்னார்வலர் அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட்டில் திட்டம் தொடங்கியதிலிருந்து, நாங்கள் யாரும் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்க்கிறீர்கள்: நோயாளியின் வீடு. காலண்டர் எந்தச் சுவரில் இருக்கிறது, யார் முதலில் எழுகிறார்கள், அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மாதம் மாத்திரை கொடுக்கும்போது பழைய அட்டையை எடுத்துவரச் சொல்லி மிச்சம் எத்தனை என்று பாருங்கள். மிச்சம் இருந்தால் வையாமல், அதை எழுதி மருத்துவருக்குச் சேர்த்துவிடுங்கள். அளவைக் கூட்டும் முன் அவர் பார்க்க வேண்டிய கணக்கு அது.

மருத்துவர்களிடம் கடைசியாக ஒரு சின்ன வசதி கேட்கிறேன். சீட்டில் 1-0-1க்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் காலியாக விடுங்கள். நோயாளி சொன்னதை, “போணி ஆனதும்”, “தேதி கிழிக்கும் முன்” என்று அவர் சொன்ன சொல்லிலேயே அங்கே எழுதினால், நாங்கள் அதை மாத்திரைக் கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உங்களுக்கு எழுத நேரமில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்புங்கள், கேட்டு நிரப்புவது எங்கள் பாடு.

இப்படிக்கு,
சிம்மக்கல் மருந்துக்கடைக்காரர் ஒருவர்